கண்மாய்க் கரையில் சைக்கிளில் ஒரு சுற்று

வடகிழக்குப் பருவமழைக்கு முன் உங்கள் கண்மாய்க் கரையைச் சைக்கிளில் சுற்றிப் பாருங்கள். 'நாரை பறக்காத 48 மடை' எனப் பெயர்பெற்ற ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய் போன்ற நீண்ட கரையை நடந்து பார்ப்பது சிரமம். பைக்கில் விரைந்தால் எலி, நண்டு வளைகள் கண்ணில் படாது. வண்டி நடமாட்டமில்லாத சரளைக் கரையில் மெதுவாக மிதித்து, இருபக்கச் சரிவையும் கவனியுங்கள். வளை தெரிந்த இடத்தில் குச்சி நடுங்கள். மடை, கலுங்கில் அடைப்பு உள்ளதா எனப் பாருங்கள்.

வளையின் வாயை மட்டும் அடைத்தால் போதாது. தோண்டி, களிமண்ணை அடுக்கடுக்காக இட்டு, நனைத்து இடிக்க வேண்டும். இல்லையேல் தண்ணீர் ஏறியதும் சிறு வளையே கரையை உடைத்துவிடும். புழுதியில் விதைத்த நெல் மூழ்கும். கதிர் பிடிக்கும்போது பாய்ச்சத் தண்ணீர் இருக்காது.

பெரிய பழுது என்றால், ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேலிருந்தால் நீர்வளத் துறையிடமும், குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்திடமும் இப்போதே தெரிவியுங்கள்.