வெறும் வயிறு



திண்டிவனத்தை அடுத்த சிற்றூரில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர், தம் 6 வயது மகளைக் குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்காக விழுப்புரம் பக்கத்து மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்து வந்திருந்தார். ஓய்வுபெற்று விழுப்புரத்திலேயே தங்கிவிட்ட நானும் பார்க்கச் சென்றேன். மணி பிற்பகல் 1. குழந்தை உதடு வறண்டு, அழுவதற்கும் தெம்பின்றித் துவண்டு கிடந்தாள். முதல்நாள் இரவு 7 மணிக்கு உண்ட இட்லிக்குப் பின் ஒரு மிடறு நீரும் கொடுக்கப்படவில்லை. பதினெட்டு மணி நேரம்! தாயின் கையிலிருந்த சீட்டில், 'வெறும் வயிற்றுடன் வரவும்' என்று மட்டும் எழுதியிருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் நான். எதை நிறுத்துவது, எத்தனை மணிக்கு நிறுத்துவது என்ற இரண்டையும் சொல்லாத அவ்விடைக்கு என்னால் மதிப்பெண் வழங்க இயலவில்லை.

பட்டினி எதற்கு? மயக்க மருந்து உட்சென்றதும் இருமலும் விழுங்கலும் அடங்கிவிடுகின்றன. இரைப்பையில் உணவிருந்தால் அது மேலெழுந்து மூச்சுக்குழலுள் இறங்கி நுரையீரலைக் கெடுக்கக்கூடும். மகப்பேற்றின்போது மயக்கமூட்டப்பட்ட பெண்களுக்கு இவ்வாறு நேர்வதை நியூயார்க்கு மருத்துவர் மெண்டல்சன் 1946இல் விளக்கினார். 'நள்ளிரவுக்குப் பின் எதுவும் கூடாது' என்ற கட்டளை இவ்வச்சத்தால் வலுப்பெற்றது.

ஆனால் நீரும் இட்லியும் ஒன்றல்லவே! பருகிய தண்ணீரின் பெரும்பகுதி ஒரு மணி நேரத்துக்குள் இரைப்பையைக் கடந்துவிடும். பாலோ பார்வைக்கு நீர்மம். உள்ளே சென்றால் தயிர்போல் திரளும். இவ்வேறுபாட்டை லிஸ்டர் 1883இலேயே உணர்ந்து, குளோரோபாரம் கொடுப்பதற்கு இரண்டு மணி முன்னதாக ஒரு கோப்பைத் தேநீர் அருந்துவது நன்று என எழுதியுள்ளார். அவர் சொன்னதை உலகம் இடையில் மறந்தது. இன்றைய வழக்கமான கணக்கு இது: திட உணவுக்கு 6 மணி, தாய்ப்பாலுக்கு 4 மணி, தெளிந்த நீர்மங்களுக்கு 2 மணி. ஐரோப்பிய மயக்கவியல் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு நெறி, குழந்தைகளுக்குத் தெளிநீர் இடைவெளியை 1 மணியாகவே குறைத்துவிட்டது. குழந்தையின் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு சிறிது. நெடும்பட்டினி பெரியோரைவிட அவர்களையே மிகுதியும் வருத்தும். குடலடைப்பு, அவசர அறுவை போன்றவற்றில் இக்கணக்குப் பொருந்தாது. அங்கே மருத்துவர் சொல்லே முடிவு.

பட்டினியைக் குறைப்பது 'விரைந்து தேறும் முறை' என்னும் பெருந்திட்டத்தின் ஒரு கூறு. டென்மார்க்கு அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் 1990களில் இதை வகுத்தார். வலியைப் பல வழிகளில் தணித்தல், தேவையற்ற குழாய்களைத் தவிர்த்தல், விரைவில் உணவூட்டல், விரைவில் நடக்கவிடல் ஆகிய சிறு செயல்களை ஒருங்கு சேர்ப்பதே அதன் உத்தி. பெரியோரிடம் பரவிய இது, குழந்தைகளிடம் மெல்லவே வந்தது. பச்சிளங்குழந்தைகளின் குடல் அறுவைக்கான நெறிகள் வெளிவந்தது 2020இல்தான். குழந்தைக்கு வலி தெரியாது என்ற மூட எண்ணமே மருத்துவருலகில் நெடுங்காலம் நிலவியது! இந்தியாவில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டு சென்ற கே.ஜே.எஸ். ஆனந்த், குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவையின்போது வலிநீக்கி தந்தால் உடலின் தத்தளிப்பும் பின்விளைவுகளும் குறைவதை 1987இல் மெய்ப்பித்தார்.

இவற்றில் சில பழைய செய்திகளே. கிளாஸ்கோ நகரத்து நிக்கோல், ஏறத்தாழ 9,000 குழந்தைகளுக்கு வெளிநோயாளராகவே அறுவை செய்து, அன்றே தாயுடன் வீட்டுக்கு அனுப்பியதை 1909இல் அறிவித்தார். தாயைக் காட்டிலும் தேர்ந்த செவிலி இல்லை என்பது அவர் கருத்து. நம் மருத்துவமனைத் தாழ்வாரங்களில் பாய் விரித்துக் காத்திருக்கும் பாட்டிமார்க்கு இதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

சில மாதங்களில் அச்சிறுமிக்கு மறுபக்கக் குடலிறக்கத்துக்கும் அறுவை தேவைப்பட்டது. இம்முறை வேறொரு மருத்துவர், தமிழில் மணியிட்டு எழுதித் தந்தார்: "காலை 10 மணிக்கு அறுவை. இட்லி 4 மணிக்குள். பால் வேண்டாம். தண்ணீர், சர்க்கரை நீர், இளநீர் 8 மணி வரை." விடியுமுன் இட்லியா என்று பாட்டி முணுமுணுத்தாராம். பேருந்து விக்கிரவாண்டியில் நின்றபோது மணி ஏழரை. தந்தை இறங்கி இளநீர் வாங்கிக் கொடுத்தார். மாலை நான் சென்றபோது, அவள் கட்டிலில் அமர்ந்து, ஊர் திரும்பும் பேருந்தில் சன்னலோர இருக்கை தனக்கே என்று தம்பியுடன் வழக்காடிக்கொண்டிருந்தாள்.