கல்யாணத்தை நிறுத்திய மறுநாள்

கரிசல் பிள்ளைகள் – 9

தை, மாசியில் உளுந்தும் பாசியும் களத்துக்கு வந்ததும் கோவில்பட்டி வட்டாரத்தில் கல்யாணப் பேச்சும் வந்துவிடும். மானாவாரி வெள்ளாமை, கையில் நாலு காசு இருக்கும்போதே பிள்ளையைக் கரையேற்றிவிட வேண்டும். அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பைக்கூடத் தாண்டாதவளாக இருந்தால் யாராவது ஒருவர் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடுகிறார்.

சமூகநல அலுவலர், போலீஸ், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணியாளர் என்று ஆட்கள் வந்து இறங்குவார்கள். பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதியைப் பார்ப்பார்கள். பதினெட்டு முடியாமல் கட்டிக்கொடுக்க மாட்டோம் என்று தாய் தகப்பனிடம் எழுதி வாங்குவார்கள். பந்தலுக்குக் கொடுத்த முன்பணம் போச்சே என்ற அங்கலாய்ப்போடு சொந்தபந்தம் கலையும்.

மறுநாள்?

வயது வருமுன் கல்யாண அபாயத்தில் இருக்கும் பிள்ளை, 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. குழந்தைகள் நலக் குழு அவளை இல்லத்தில் தங்கவைக்கலாம், வீட்டுக்கும் அனுப்பலாம். வீட்டிலோ அதே முறைமாப்பிள்ளை, அதே கடன், அதே சண்டை. படிப்பு நின்றிருந்தால் அடுத்து பஞ்சு மில். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டித்தானே சுமங்கலித் திட்டம் தென்மாவட்டங்களில் ஆள் பிடித்தது!

தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் பதினெட்டுக்கு முன்பே மணமானவர்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இந்திய அளவில் 23.3. நம் நிலைமை மேல்தான். ஆனாலும் எட்டில் ஒருத்தி.

எழுதி வாங்கும் தாளில் வயது இருக்கிறது, வாழ்க்கை இல்லை. ஒருவனை எப்படி அறிந்துகொள்வது, பிடிக்கவில்லை என்றால் யாரிடம் சொல்வது, குடித்துவிட்டு அடித்தால் எங்கே போவது, முதல் குழந்தை எப்போது என்று அவளிடம் பேச ஆள் இல்லை. வயதுக்கேற்ற பாலியல் கல்வி வேண்டும், தண்டனையைவிடத் தடுப்பே முக்கியம் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தார் உள்ளிட்ட குழுவினர், குழந்தைகள் நலப் பணியாளர்களுக்கே தம்பதி உறவுத்திறனைக் கற்றுத்தரப் பயிற்சி கொடுத்தார்கள். தாய் தகப்பன் உறவு கெட்டால் அடி விழுவது பிள்ளைமேல் என்பதால், அவர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதையும் பணியாளர் கவனிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆனால் அதே நாட்டில், மணமாகாத பெற்றோருக்கு எட்டு இடங்களில் உறவுத்திறன் வகுப்பு நடத்திப் பார்த்த ஒரு பெரிய ஆய்வில், ஒட்டுமொத்தமாகப் பலன் தெரியவில்லை. வருமானமில்லாத வீட்டில் வகுப்பு மட்டும் என்ன செய்யும்?

அந்த வகையில் தமிழ்நாடு ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தாலிக்குத் தங்கமும் பணமும் கொடுத்துவந்த திட்டம், 2022-இல் புதுமைப்பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரத்தோடு பேச்சும் வீட்டுக்குள் போக வேண்டும். இங்கே கல்யாணத்தை முடிவு செய்வது இருவர் அல்ல. அத்தையும் தாய்மாமனும் பெரியப்பாவும் திண்ணையில் உட்கார்ந்து முடிப்பது. பாடம் அவர்களுக்கும் வேண்டும். அதற்குப் பணியாளர் போக வேண்டிய நேரம் ராத்திரி எட்டு மணி. தீப்பெட்டி ஆபீஸ் வேன் அம்மாவை இறக்கிவிட்டிருக்கும், அப்பாவும் காட்டிலிருந்து திரும்பியிருப்பார். காலை பதினொரு மணிக்குப் போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்கலாம்.

அடுத்த வாரம்: இருபத்தொன்று ஆகாத மாப்பிள்ளைகள்.