ஆவினம் வாழப் புல்வெளி காப்போம்

சிவபெருமானின் திருமுழுக்குப் பொருள்களுள் சிறந்தது ஆனைந்து. பால், தயிர், நெய், கோசலம், கோமயம் ஆகிய ஐந்தையும் நமக்கு அளிப்பது பசு. பசுவுக்கு அவற்றை அளிப்பது புல். ஆதலின் புல் வளரும் நிலத்தைப் பேணுவதும் திருப்பணியே ஆகும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் வழங்கப்பெற்றதையும், அதற்காக நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கப்பெற்றதையும் கல்வெட்டுகள் கூறுகின்றன. இவ்வாறு வழங்கிய ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். மூத்தவை கழிந்தாலும் குட்டிகள் அவற்றின் இடத்தை நிரப்பும், எண்ணிக்கை குறையாது. மேய்ச்சல் நிலத்திற்கும் இந்நெறி பொருந்தும். பழம்புல் மடியும்போது புதுவிதை அவ்விடத்தை நிரப்புதல் வேண்டும்.

கொங்கு நாட்டில் காங்கேயம் மாடுகளை வளர்த்த பெருமை கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்தைச் சாரும். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, இடையிடையே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல் என்பதே அதன் அமைப்பு. மழைக்காலத்தில் புல்லும், கோடையில் வெள்வேல நெற்றும் கால்நடைகளுக்கு உணவாகும்.

இத்தகைய நிலமும் ஓய்வின்றி மேய்த்தால் நலியும். மாடுகள் சுவையான புல்லையே முதலில் தேடிக் கடிக்கும். அது கதிர் ஈன்று விதை உதிர்க்க வழியின்றி அழியும். மாடு தீண்டாத செடிகள் பெருகும். சீமைக் கருவேல் புகுந்துவிட்டால் நிலம் முழுவதும் முட்காடாகும்.

அவ்வாறு நலிந்த நிலத்தை மீட்கும் முறை எளியதே. கோடையில் சீமைக் கருவேலை வேரோடு அகற்ற வேண்டும். வேலியில் இடைவெளி உள்ள இடங்களில் கிளுவைப் போத்துகளை நட வேண்டும். சரிவுக்குக் குறுக்காக மேலோட்டமாக உழுது, பருவமழைக்கு முன் விதைக்க வேண்டும். ஏக்கருக்கு ஏறத்தாழ 3 கிலோ கொழுக்கட்டைப் புல் விதை போதும். புதிதாக அறுத்த விதை நன்கு முளைக்காது; சில மாதங்கள் வைத்திருந்த விதையே ஏற்றது. விதை மிக இலேசானது. ஆதலின் மணலுடன் கலந்து தூவி, முட்கிளையை இழுத்து மெல்லிதாக மூட வேண்டும். ஆழப் புதைந்தால் முளை மேலே வாராது.

உடன் முயல் மசாலையும் விதைத்தல் நன்று. அது தன் வேர் முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்கும். அவ்விதையின் தோல் கடினமானது. 80 பாகை வெப்பமுள்ள நீரில் 4 நிமிடம் இட்டு, பின்னர் இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும்.

இதன் பின்னரே பொறுமை தேவைப்படுகிறது. முதற் பருவத்தில் புல் கதிர் முற்றி விதை உதிரும்வரை ஒரு கன்றையும் உள்ளே விடலாகாது. பின்னர் நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒன்றில் மேயும்போது மற்றவற்றுக்கு ஓய்வளிக்க வேண்டும். பசுமையைக் கண்டு அவசரப்பட்டால் உழைப்பனைத்தும் வீணாகும்.

கோயிலுக்குப் பசுவைத் தானமாக வழங்கும் அன்பர்கள் பலர். அப்பசு பல்லாண்டு மேய்வதற்குரிய புல்லுக்கும் வழி செய்தால்தான் அத்தானம் நிறைவு பெறும். வேலிக்கு ஒரு போத்தும், நிலத்திற்கு ஒரு படி விதையும் அளிப்பது எளியோர்க்கும் இயலும் அறம். அவ்வறம் செய்து, ஆவினம் வாழ, இறைவன் திருவருளுக்கு உரியவராவோமாக.