இரும்பு நுழையாத இடத்தில் உடற்பயிற்சி

விருதுநகர்க்காரரிடம் போய், "முதல்ல எண்ணெய்ப் பரோட்டாவ விடுங்க" என்று சொல்லும் உடற்பயிற்சியாளருக்கு இரண்டாம் மாதம் வாடிக்கையாளர் இருக்கமாட்டார். சாயங்காலம் கடைவாசலில் நின்று பார்த்தால் காரணம் தெரியும். எண்ணெய் விட்டுப் பிசைந்து ஊறவைத்த மைதா உருண்டையை மாஸ்டர் வீசிச் சுருட்டி, உள்ளங்கை அகலத்துக்குத் தட்டுகிறார். மற்ற ஊர்களில் அது கல்லில் வேகும். இங்கே எண்ணெய்க்குள்ளேயே இறங்கிவிடுகிறது. மாவில் உள்ள நீர் குமிழ் குமிழாக ஆவியாகி வெளியேற, அந்தத் துளைகளில் எண்ணெய் புகுகிறது. வெளியே எடுத்த பிறகும் அது நிற்பதில்லை. சூடு தணியத் தணிய, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயைப் பரோட்டா உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே எடுத்த சூட்டிலேயே நன்றாக வடியவிடும் கடை பார்த்துச் சாப்பிடுவது நல்லது. மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி என்றால் எண்ணெய் 9 கலோரி.

பரோட்டாவுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. வாரம் ஒருநாள் என்று அதற்கு ஓர் எல்லை போட்டுவிட்டு, விசாரணையை வேறு இடத்தில் தொடங்கலாம் என்கிறேன். இந்த வட்டாரத்து உடம்பைப் புரிந்துகொள்ள இலையைப் பார்ப்பதற்கு முன், ஆட்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் காலையில் பட்டாசு ஆலை வண்டிகள் ஊர் ஊராக ஆள் ஏற்றிச் செல்கின்றன. கையில் தூக்குவாளி. ஆலைக்குள் போனதும் தரையில் சம்மணம். குழாய் சுருட்டுவது, திரி வைப்பது, சரம் பின்னுவது, லேபிள் ஒட்டுவது என எல்லாமே விரல் வேலை. கை பறக்கும், இடுப்புக்குக் கீழே ஒன்றும் அசையாது. எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால் எழுந்து நடந்தால் நஷ்டம். சாயங்காலம் இடுப்பு விட்டுப்போகிறது, கழுத்து இறுகுகிறது. இப்படிப்பட்ட ஒரு பெண்ணிடம் உடற்பயிற்சி என்று வாயெடுத்தால், "நாள் பூராவும் வேலதான தம்பி பாக்குறேன், அதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?" என்றுதான் கேட்பார். நியாயமான கேள்வி. அசதி உண்மை. ஆனால் தொடைக்கும் இதயத்துக்கும் அன்று முழுக்க வேலையே இல்லை என்பதும் உண்மை.

இதைப் பற்றி உலகம் இன்றும் எடுத்துக்காட்டும் ஆய்வு ஒன்று நம் நாட்டு ஆலையில் நடந்தது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் தீப்பெட்டித் தொழில் கற்கப் போனார்களே, அந்தக் கல்கத்தாவுக்குப் பக்கத்தில். லட்லோ சணல் ஆலையின் 213 ஆட்களைப் பற்றி ஊட்டச்சத்து ஆய்வாளர் ழான் மேயரும் அவருடன் பணிபுரிந்த வங்காள ஆய்வாளர்களும் 1956இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். உட்கார்ந்தே இருக்கும் கடைக்காரர், எழுத்தர் முதல் மூட்டை சுமப்பவர் வரை யார் எவ்வளவு உண்கிறார், என்ன எடை என்று பார்த்தார்கள். லேசான வேலையிலிருந்து கடும் வேலை வரை, உழைப்பு ஏற ஏறச் சாப்பாடும் ஏறியது; எடை ஒரே அளவில் நின்றது. உட்கார்ந்தே இருப்பவர்களிடம் மட்டும் கணக்கு உடைந்தது. லேசான வேலை செய்பவர்களைவிட அவர்கள் அதிகம் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களிடம்தான் அதிகம். அசைவு ஓர் அளவுக்குக் கீழே போனால் பசி நம்பத்தகுந்த வழிகாட்டியாக இருப்பதில்லை என்பது மேயர் எடுத்த முடிவு. "பசிக்குத்தான சாப்பிடுறேன்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருடைய பசிதான் கூட்டிச் சொல்கிறது.

அப்படியானால் எடையைக் குறைப்பதுதானே வழி என்று தோன்றும். ஜிம் விளம்பரங்களும் அதைத்தான் விற்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள். அதே வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஒரே வீட்டில், சில சமயம் ஒரே உடம்பில், இரண்டும் சேர்ந்து இருக்கின்றன. இவர்களிடம் சாப்பாட்டைப் பாதியாக்கு என்றால் கொழுப்போடு தசையும் கரையும். ஒல்லியாகத் தெரியும் இந்தியரிடமும் தசை குறைந்து வயிற்றுக் கொழுப்பு கூடி இருப்பதைப் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார். இங்கே கூட்ட வேண்டியது தசை.

தசை என்றதும் மீசை முறுக்கும் ஆணழகன் படம் நினைவுக்கு வரும். அதை ஒதுக்கிவிட்டு, தசையைச் சர்க்கரையின் கிட்டங்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் வந்து தட்டும்போது ரத்தத்திலிருந்து வெளியேறும் குளுக்கோஸில் பெரும்பங்கு தசைக்குள்தான் போகிறது. தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் இல்லாமலேயே அந்தக் கதவு திறக்கிறது. குளுக்கோஸைக் கடத்தும் புரதங்கள் செல்லின் உட்புறத்திலிருந்து விளிம்புக்கு வந்து நிற்கின்றன. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இண்டியாப் ஆய்வு கணக்கிட்டது. அந்த வரிசையில் சேராமலிருக்க, மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைக்கும் வழிகளில் தசைக்கு வேலை கொடுப்பது முக்கியமானது.

சரி, எங்கே தொடங்குவது? நல்ல பயிற்சியாளர் தராசை எடுக்குமுன் தரையில் உட்காரச் சொல்வார். கை, முழங்கால் எதையும் ஊன்றாமல் சம்மணமிட்டு உட்கார்ந்து, அதேபோல் எழ வேண்டும். முழு மதிப்பெண் 10. ஊன்றும் ஒவ்வொரு முறைக்கும் ஒன்று குறையும், தள்ளாடினால் அரை. பிரேசில் மருத்துவர் கிளாடியோ அரவுஜோ 51 முதல் 80 வயது வரையான 2,002 பேரை இப்படிச் சோதித்துச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். 8க்குக் கீழே எடுத்தவர்களிடையே இறப்பு விகிதம் கணிசமாக அதிகம் என்று 2012இல் எழுதினார். தரையில் உட்கார்ந்தே பழகிய நம் பெண்கள் உட்காருவதில் மதிப்பெண் அள்ளுவார்கள். எழும்போதுதான் சுவரைத் தேடுவார்கள். அந்த எழுதலையே பயிற்சியாக்கலாம். காலையில் பத்து முறை, ராத்திரி பத்து முறை, முடியாவிட்டால் முக்காலியிலிருந்து.

பட்டாசு ஆலைக்குள் இதற்குமேல் கொண்டுபோகவும் முடியாது. பொறி பறக்கும் என்பதால் அங்கே இரும்புக் கருவிக்கே தடை, டம்பெல் எங்கே நுழைவது? பாலியஸ்டர் டிராக் பேண்ட் நிலைமின்னேற்றம் உண்டாக்கும். பருத்திதான் உடுத்த வேண்டும். செல்போனும் வாசலோடு சரி. அதனால் காலடி எண்ணும் செயலியையும் மறந்துவிடலாம். நஷ்டமில்லை. தினம் பத்தாயிரம் அடி என்ற எண்ணே 1960களில் ஜப்பானில் ஒரு காலடிமானியை விற்கக் கிளம்பியதுதான். சராசரி 72 வயதுடைய பெண்களிடம் நடந்த 2019 ஆய்வில், நாளுக்கு 4,400 அடியிலேயே பலன் தெரிந்தது. 7,500க்கு மேல் கூடுதல் பலன் இல்லை. வீட்டிலோ எடைக்குப் பஞ்சமில்லை. 10 லிட்டர் குடம் 10 கிலோ. எப்போதும் ஒரே இடுப்பில் சுமக்காமல் பக்கம் மாற்றினால் முதுகுக்கும் தோளுக்கும் அதுவே பயிற்சி.

இனி தூக்குவாளியைத் திறக்கலாம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு, கிலோவுக்கு 0.83 கிராம் என்ற ஐசிஎம்ஆர் அளவுப்படி, நாளுக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும். 300 கிராம் அரிசியில் 24 கிராம் வரும். அதிலும் லைசின் குறைவு. ரசமும் புளிக்குழம்பும் மீதியை நிரப்பாது. இரண்டு முட்டை 12 கிராம், ஒரு கைப்பிடி நிலக்கடலை 7, கெட்டிப் பருப்புக்கு 30 கிராம் துவரை போட்டால் 6 அல்லது 7. இப்படித்தான் கணக்கு நிறையும். பருப்பும் எண்ணெயும் மொத்த வியாபாரம் ஆகும் விருதுநகரில் புரத மாவு டப்பாவைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கரிசல் காட்டுக் கம்பும் குதிரைவாலியும் இப்போது மவுசோடு திரும்பியிருக்கின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் சிறுதானியம் சர்க்கரையை ஏற்றாது என்று அளந்துவிடுபவர்களை நம்ப வேண்டாம். 2025இல் வந்த இண்டியாப் உணவு ஆய்வு இதைப் பற்றிப் பட்டென்று பேசியது. இந்தியர் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து. அந்த மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றுவதால் நீரிழிவு அபாயம் குறையவில்லை. மாவுச்சத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தை வைத்தால் குறைகிறது. கம்பங்கூழுக்குத் தொட்டுக்கொள்ள மோர்மிளகாயோடு ஒரு கிண்ணம் சுண்டலும் இருக்கட்டும்.

மிஞ்சியிருப்பது பகல் எட்டு மணிநேரம். 2012இல் வெளியான மெல்போர்ன் ஆய்வு ஒன்றில், அதிக எடையுள்ள 19 பேரை 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பி 2 நிமிடம் மெதுவாக நடக்கவைத்தார்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் ஏறக்குறைய கால்பங்கு குறைந்தது. அருமையான தீர்வு. ஆனால் எட்டு மணிநேரத்துக்கு அது 48 நிமிடம். எண்ணிக்கைக் கூலியில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். அதை யாரும் தம் கையிலிருந்து விடமாட்டார்கள், விடச் சொல்வதும் அநியாயம். பாதுகாப்பு விதிப்படி ஓர் அறையில் சரக்கு சேரக்கூடாது. முடித்ததை அவ்வப்போது வெளியே கொண்டுபோயாக வேண்டும். அந்த நடையை ஒருவர் தலையில் கட்டாமல் அறையில் இருப்பவர்கள் முறைவைத்துச் செய்யலாம். அதற்குக் கூலியை ஆளுக்கு இத்தனை என்று எண்ணாமல் அறைக்குச் சேர்த்து எண்ண வேண்டும். பயிற்சியாளர் முதலில் பேச வேண்டியது ஆலைக் கணக்குப்பிள்ளையிடம்.