ஒருவழி வால்வை நம்பிக் குழாயைத் திறக்கலாமா?

மலைகள் சூழ்ந்த கண்டியில் நீர் தானாக மேடேறி வருவதில்லை. கெட்டம்பேயில் மகாவலி கங்கையிலிருந்து பெறப்படும் நீர் சுத்திகரிக்கப்பட்டு, பம்பிகளின் வலுவினால் மேட்டுநிலத் தாங்கிகளுக்கு ஏற்றப்பட்ட பின்னரே வீடுகளுக்கும் பாடசாலைகளுக்கும் கோயில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் கிடைக்கின்றது. மின்சாரம் தடைப்பட்டுப் பம்பி நின்றுவிட்டால், ஏறிய நீர் கீழ்நோக்கிப் பாய முற்படும். அதனைத் தடுப்பதற்காகவே ஏற்றுக்குழாய்களில் ‘செக் வால்வு’ எனப்படும் ஒருவழி வால்வு பொருத்தப்படுகின்றது.

இதன் பயன் மறுக்கப்பட முடியாதது. ஆயினும், பம்பியைக் கழற்றித் திருத்தும் வேளையில், "செக் வால்வு இருக்கின்றதே" என்ற நம்பிக்கையில் கையால் மூடும் கேட் வால்வை மூடாது விடுவது ஆபத்தானது. வடிவமைக்கும்போதே செலவைக் குறைப்பதற்காகக் கேட் வால்வைத் தவிர்த்துவிடுவது அதனினும் ஆபத்தானது.

தாங்கி 60 மீற்றர் உயரத்தில் இருப்பின், குழாயின் அடியில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஏறத்தாழ 6 கிலோகிராம் அழுத்தம் இருக்கும். 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள வால்வின் தட்டு அப்போது சுமார் 470 கிலோகிராம் பாரத்தைத் தாங்கி நிற்கின்றது. அத்தட்டை மூடுவது மனிதக் கை அன்று. திரும்பி வரும் நீரே அதனை மூடுகின்றது. ஒரு மணற்துகளோ துருப்படிவோ இடையில் சிக்கினால் அது முழுமையாக மூடாது. மூடியிருக்கின்றதா என்பதை வெளியிலிருந்து பெரும்பாலும் அறியவும் இயலாது. பூட்டுப் போடவும் இயலாது. முன்னோக்கி வரும் ஓட்டத்தையோ அது தடுப்பதேயில்லை.

1985 நவம்பர் 21 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள சான் ஒனோபிரே அணுமின் நிலையத்தின் முதலாவது அலகில் மின்தடையினால் பம்பிகள் நின்றபோது, நீரூட்டல் குழாய்களிலிருந்த ஐந்து ஒருவழி வால்வுகள் பழுதுற்றிருந்தமை தெரியவந்தது. பின்னோக்கிச் சென்ற நீரின் இடத்தை நீராவி நிரப்ப, மீண்டும் குளிர்நீர் செலுத்தப்பட்டபோது ஏற்பட்ட நீரதிர்ச்சி குழாயையும் அதன் தாங்கிகளையும் சேதப்படுத்தியது. அத்தகைய நிலையத்திலேயே இந்நிலை எனின், வருடக்கணக்கில் திறந்து பார்க்கப்படாத வால்வுகளைப் பற்றிக் கூறவேண்டியதில்லை.

கொதிகலன்களைப் பயன்படுத்தும் ஹோட்டல்கள், சலவையகங்கள், தொழிற்சாலைகள் ஆகியவற்றில் பணயமாக வைக்கப்படுவது தொழிலாளியின் உயிராகும். பல கொதிகலன்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கும் இடத்தில் ஒன்றினுள் ஒருவர் இறங்குவதாயின், நீராவியோ சுடுநீரோ வரக்கூடிய வழிகள் கழற்றப்பட வேண்டும், அல்லது வால்வுகள் மூடிப் பூட்டப்பட வேண்டும் எனப் பிரித்தானியாவின் 1961ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. தானே மூடிக்கொள்ளும் வால்வை அது போதுமெனக் கொள்ளவில்லை.

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. முதலில் பம்பியின் மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும். இருபுறத்துக் கேட் வால்வுகளையும் மூடிப் பூட்டி, திறப்பை வேலை செய்பவரே வைத்திருக்க வேண்டும். பின்னர் வடிகுழாயைத் திறந்து, அழுத்தம் முற்றாக நீங்கியதை உறுதிசெய்ய வேண்டும். நீராவி, இரசாயனம் செல்லும் குழாய்களில் இரு வால்வுகளை மூடி, இடையிலுள்ள வடிகாலைத் திறந்து வைத்தால் கசிவு கண்ணுக்குத் தெரியும். ஆள் உள்ளே இறங்குவதாயின் குழாயைக் கழற்றுவதோ அடைப்புத் தகடு இடுவதோ அவசியமாகும்.

ஒருவழி வால்வு இயந்திரத்தைக் காக்கும் சாதனமாகும். மனிதனைக் காக்கும் பொறுப்பை அதன்மீது சுமத்தலாகாது. ஒரு கேட் வால்வின் விலையை மிச்சம் பிடிப்போர் இதனை மனங்கொள்வார்களாக.