டிபி இல்லை என்றால் நோயே இல்லையா?

அம்மாச்சியின் சளியைச் சோதித்துக் கொடுத்த சீட்டில் ‘நெகட்டிவ்’ என்று இருந்தது. டிபி இல்லை. அன்று வீட்டில் எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. இருமல் மட்டும் போகவில்லை. விடிகாலையில் எழுந்து கால் மணி நேரம் இருமி, சளியைத் துப்பிய பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பார். யாராவது கேட்டால், “அது எனக்கு எப்பவும் உள்ளதுதான்” என்பார். நாங்களும் அதை நம்பினோம். அவர் ஒரு நாளும் பீடி பிடித்ததில்லை. ஆனால் பன்னிரண்டு வயதிலிருந்து ஊதுகுழலும் கையுமாகக் கருவேல விறகுப் புகையில் உட்கார்ந்தவர்.

அந்த ‘எப்பவும் உள்ள’ இருமலுக்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது: நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி. டாக்டர்கள் க்ரானிக் பிராங்கைட்டிஸ் என்பார்கள். வருடத்துக்குக் குறைந்தது 3 மாதம் சளியோடு இருமல், அதுவும் அடுத்தடுத்து 2 வருடம், டிபி போன்ற வேறு காரணமும் இல்லை என்றால், அது இதுதான். இந்த வரையறையை வகுத்தவர்கள் பிரிட்டிஷ் மருத்துவர்கள். நிலக்கரிப் புகையில் வாழ்ந்த நாடு அது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். ஏற்கெனவே நெஞ்சுச்சளியால் அவதிப்பட்டவர்கள் அவர்களில் ஏராளம். அந்தப் புகை தெருவில் நின்றது, நாடாளுமன்றத்தின் கண்ணிலும் பட்டது. 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அடுப்பங்கரைப் புகை அப்படி யார் கண்ணிலும் படுவதில்லை.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய இழைகள் நாற்று போல அசைந்துகொண்டே இருக்கும். தூசியையும் கிருமியையும் சளியில் ஒட்டவைத்து மேலே தள்ளுவது அவற்றின் வேலை. வருடக்கணக்கில் புகை பட்டால் இழைகள் கருகி உதிர்கின்றன, சளிச் சுரப்பிகளோ பெருத்துவிடுகின்றன. சளி கூடுகிறது, அதை வெளியேற்ற ஆள் இல்லை. மிஞ்சியிருக்கும் ஒரே வழி இருமல். தேங்கிய சளியில் கிருமிகள் குடியேற, மழைக்காலமும் பனிக்காலமும் வந்தால் காய்ச்சல், இளைப்பு, ஆஸ்பத்திரி என்று ஒரு சுற்று. அப்படி ஒவ்வொரு முறை படுத்து எழும்போதும் நுரையீரலின் பலம் கொஞ்சம் குறைந்துவிடக்கூடும்.

எல்லோருக்கும் இது முற்றுவதில்லை. முற்றியவர்களுக்கு மூச்சுக்குழாய் நிரந்தரமாகச் சுருங்கிவிடுகிறது. அதுதான் சிஓபிடி. 2021-ல் மட்டும் உலகில் சுமார் 35 லட்சம் பேரின் உயிரை அது வாங்கியதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஆக்ஸிஜன் குறையக் குறைய நுரையீரலின் ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. அவற்றுக்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலது பக்கம் களைத்துப்போகிறது. அப்போது கால் வீங்கும். அம்மாச்சிக்குக் கால் வீங்கியபோது நாங்கள் கிட்னி என்று நினைத்து உப்பைக் குறைத்தோம். இதயம் என்று தெரியவந்தபோது அவரால் கொல்லைப்புறம் வரை நடக்க முடியவில்லை. தசை கரைவது, எலும்பு பலவீனமாவது, மனம் சோர்ந்து ஆட்களைப் பார்க்கவே பிடிக்காமல் போவது எல்லாம் இதனோடு சேர்ந்தே வரக்கூடியவை. புகைபிடிப்பவர் என்றால் நுரையீரல் புற்றுநோய் பயமும் உண்டு.

மூச்சுக்குழாய் அடைப்பை முன்கூட்டியே காட்டக்கூடிய சோதனை மிக எளிது. ஸ்பைரோமெட்ரி என்று பெயர். முழு மூச்சை இழுத்து ஒரு குழாயில் வேகமாக ஊத வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், முதல் நொடியில் வெளியேறும் காற்று மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். ஆயுள் முழுக்க ஊதுகுழல் ஊதிய அம்மாச்சியை, ஒரு தடவை இந்தக் குழாயில் ஊதச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

கெட்டுப்போன நுரையீரல் பழையபடி திரும்பாது. ஆனால் சரிவை மட்டுப்படுத்தலாம். சார்லஸ் ஃப்ளெட்சரும் ரிச்சர்ட் பீட்டோவும் லண்டன் ஆண்களை வருடக்கணக்கில் கவனித்து 1976-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது இதைத்தான்: சிகரெட்டை விட்டவர்களுக்கு இழந்தது திரும்பவில்லை, ஆனால் அதன்பிறகான இழப்பு, புகைபிடிக்காதவர்களின் அளவுக்கு ஏறக்குறைய இறங்கியது. எந்த வயதில் விட்டாலும் லாபம்தான். நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகளும் மூச்சுப் பயிற்சியும் உதவும். இன்ஹேலரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ‘பஃப் அடித்தால் பழகிவிடும்’ என்று பயந்து ஒதுக்குகிறவர்கள், மருந்துக்கடையில் ஸ்டீராய்டு மாத்திரையைக் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். ஆபத்து எது என்பதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறோம்.

விறகுப் புகைக்கு மாற்று வராமல் இல்லை. 2006-க்குப் பிறகு தமிழக அரசு கேஸ் அடுப்பை இலவசமாகக் கொடுத்தது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வாலா கேஸ் இணைப்புத் திட்டம் வந்தது. ஊருக்குப் போனால் பார்க்கிறேன்: கேஸில் காபியும் குழம்பும், வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் இன்னும் விறகுதான். சிலிண்டர் விலை அப்படி.

உங்கள் வீட்டிலும் ‘எப்பவும் உள்ள’ இருமலோடு ஒருவர் இருக்கலாம். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு முதலில் டிபி சோதனை செய்யுங்கள், அது கட்டாயம். நெகட்டிவ் என்று வந்தால் சீட்டை மடித்து வைத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அம்மா எத்தனை வருடம் விறகடுப்பில் சமைத்தார் என்பதை டாக்டரிடம் நீங்களே சொல்லி, ஊதிப் பார்க்கும் சோதனையைக் கேளுங்கள்.