எண்டாவ் ரொம்பின்: மக்கள் குரல் காத்த காடு

மாணவர்களே, 'காடுகளின் அவசியம்' என்று தேர்வில் கட்டுரை வந்தால் என்ன எழுதுவீர்கள்? காடு மழை தரும், மூலிகை தரும், காற்றைச் சுத்தப்படுத்தும்... இப்படித்தானே? தப்பில்லை. ஆனா, எல்லாரும் இதையே எழுதினா உங்க கட்டுரை எப்படித் தனித்து நிற்கும்? ஓர் உண்மைச் சம்பவத்தைச் சேர்த்துப் பாருங்கள். கருத்துக்கு வலு கூடும். நம் நாட்டிலேயே அப்படி ஒன்று உண்டு.

எங்கே இருக்கிறது?

ஜொகூர், பகாங் மாநிலங்களின் எல்லையில் பரந்து கிடக்கும் மழைக்காடு எண்டாவ் ரொம்பின். யானை, புலி, சுமத்ரா காண்டாமிருகம் ஆகியவை உலவிய இடம். காட்டின் உட்பகுதிக்குச் செல்வது எளிதல்ல. ஆற்றில் படகிலும் அதற்குப் பிறகு நடந்தும் செல்ல வேண்டியிருக்கும். ஜாகூன் பூர்வகுடியினர் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்கிறார்கள்.

என்ன சிக்கல்?

1977-இல் பகாங் மாநில அரசு இக்காட்டின் ஒரு பகுதியில் மரம் வெட்ட உரிமம் வழங்கியது. 'கொஞ்சம் மரம்தானே, போனா என்ன?' என்று கேட்கலாம். மரம் வெட்ட லோரி வர வேண்டும்; லோரி வரச் சாலை வேண்டும். சாலை வந்துவிட்டால் வேட்டைக்காரனும் அதே வழியில் உள்ளே வருவான்.

மத்திய அரசே தடுத்திருக்கலாமே? அங்கேதான் முடிச்சு. நம் அரசமைப்புச் சட்டப்படி நிலமும் காடும் மாநில அதிகாரத்தில் உள்ளவை. மாநிலத்துக்கோ வெட்டுமரம் முக்கிய வருமானம்.

மக்கள் என்ன செய்தார்கள்?

இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். நாளிதழ்களில் விவாதம் சூடு பிடித்தது. மறு ஆண்டே மரம் வெட்டுவது நின்றது. ஆனால், நின்றது வேறு, சட்டப் பாதுகாப்பு வேறு. அதனால் முயற்சி தொடர்ந்தது. 1985, 1986-ஆம் ஆண்டுகளில் இயற்கைக் கழகத்தினர் அறிவியலாளர்களையும் தொண்டர்களையும் காட்டுக்குள் அழைத்துச் சென்று ஆய்வு நடத்தினர். காட்டில் என்ன இருக்கிறது என்று பட்டியலிட்டுக் காட்டியபோது வாதத்துக்குச் சான்று கிடைத்தது. 1993-இல் ஜொகூர்ப் பகுதி பூங்காவாக அரசிதழில் வெளியிடப்பட்டது. எண்ணிப் பாருங்கள், 16 ஆண்டுகள்!

கதை முடிந்ததா?

இல்லை. மலேசியாவின் கடைசி சுமத்ரா காண்டாமிருகம் 2019-இல் இறந்தது. எல்லைக்கோடு போட்டால் மட்டும் போதாது, காவலும் வேண்டும் என்பதற்கு இதுவே சாட்சி. இன்னொன்றும் உண்டு. காட்டையே நம்பி வாழும் ஜாகூன் மக்களின் கருத்தைக் கேட்காமல் வகுக்கும் பாதுகாப்பு, பாதிப் பாதுகாப்புதான்.

கட்டுரையில் எப்படிப் பயன்படுத்துவது?

சம்பவத்தை முழுக்கக் கொட்டிவிடாதீர்கள். கருத்தை முதலில் சொல்லுங்கள். இரண்டு மூன்று வாக்கியத்தில் சான்று தாருங்கள். அதிலிருந்து பெறும் பாடத்தோடு பத்தியை முடியுங்கள். 'ஊர் கூடித் தேர் இழுத்தல்' இங்கே கச்சிதமாகப் பொருந்தும்.

வகுப்பில் விவாதிக்க (ஆசிரியர் கவனத்திற்கு)

1. மாநில வருமானமா, காடா? இரு தரப்பு வாதங்களையும் பட்டியலிடுக.
2. எதிர்ப்புக் குரல் மட்டும் இருந்து, ஆய்வு நடக்காமல் இருந்திருந்தால் முடிவு என்னவாகியிருக்கும்?
3. உங்கள் வட்டாரத்தில் காக்க வேண்டிய ஓர் இடத்தைக் குறித்து நாளிதழ் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுக.